பன்னிரண்டு படுக்கைகள்

நுழையும்முன்

ஒரு நோய்க்கு மருத்துவம் கண்டறிவது ஒரு பணி. கண்டறிந்த மருத்துவத்தைக் கூலிவேலை செய்து வாழ்பவருக்கும் கிடைக்கச் செய்வது வேறொரு பணி. முன்னது ஆய்வுக்கூடத்தில் நடப்பது. பின்னதற்குச் சட்டமன்றம், நிதிநிலை அறிக்கை, நன்கொடை, மருத்துவமனையின் கட்டண விதி ஆகிய அனைத்தும் வேண்டும். மருத்துவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய முத்துலட்சுமி ரெட்டி இந்த இரண்டாம் பணிக்குத் தம் வாழ்வின் நெடுங்காலத்தை அளித்தார். அவர் ஆற்றிய தொண்டுகள் பல. அவற்றுள் புற்றுநோய் மருத்துவமனைக்காக அவர் மேற்கொண்ட முயற்சியையே இப்பாடம் விரிவாகக் கூறுகிறது.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி அந்நகரத்து மகாராசா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாய் சந்திரம்மாள், கோவிலைச் சார்ந்து இசையும் ஆடலும் வளர்த்த குடும்ப மரபில் வந்தவர். சாதி கடந்த அத்திருமணத்தைத் தந்தைவழி உறவினர் ஏற்கவில்லை. தாய்வழி மரபில் பிறந்த சிறுமியர்க்கு ஊர் விதித்திருந்த வாழ்வு எத்தகையது என்பதையும், கல்வி ஒன்றே அதிலிருந்து தம்மை விடுவிக்கும் என்பதையும் முத்துலட்சுமி இளமையிலேயே உணர்ந்தார்.

பருவம் எய்தியவுடன் பெண்களின் படிப்பு நின்றுபோவது அக்கால வழக்கம். முத்துலட்சுமி வீட்டிலிருந்தே பாடங்களைப் பயின்று 1902ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் தேர்வில் தேர்ச்சி பெற்றார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அவருக்கு இடமளித்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்று, வகுப்பறையில் திரைக்குப் பின்னால் அமர்ந்து அவர் பாடம் கேட்டார். 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ஆம் ஆண்டு பரிசுகளும் பதக்கங்களும் பெற்று மருத்துவப் பட்டத்துடன் வெளிவந்தார்.

முத்துலட்சுமியை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என மேடைகளில் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அது பொருந்தாது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. வேறு மாகாணங்களிலும் அவருக்கு முன்பே பெண்கள் மருத்துவராகியிருந்தனர். அவருடைய பெருமைக்கு இத்தகைய மிகை வேண்டியதில்லை.

எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றிய பின்னர் அவர் தனியே மருத்துவம் பார்த்தார். 1914ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம் பணியில் குறுக்கிடுவதில்லை, தம்மைச் சமமாக நடத்துவது என்னும் உறுதிகளைப் பெற்ற பின்னரே அவர் அத்திருமணத்திற்கு இசைந்தார். இணையருக்கு இரண்டு ஆண்மக்கள் பிறந்தனர். அவர்களுள் இளையவரான கிருஷ்ணமூர்த்தியைப் பற்றிப் பின்னர் காண்போம்.

தங்கையின் மரணம்

1920களின் தொடக்கத்தில் முத்துலட்சுமியின் தங்கை நோயுற்றார். வயிற்றுக்கடுப்பு என்று கருதி மருத்துவம் அளிக்கப்பட்டது. நோயின் உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய். வாழவேண்டிய வயதில் அவர் வலியோடு இறந்ததை, மருத்துவரான அக்கா அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது.

இம்மரணத்தை ஒரு குடும்பத்தின் துயரமாக மட்டும் கொள்ள இயலாது. மலக்குடல் புற்றின் தொடக்க அறிகுறிகள் வயிற்றுக்கடுப்பின் அறிகுறிகளை ஒத்தவை. குருதி கலந்த மலப்போக்கு இரண்டிலும் உண்டு. வயிற்றுக்கடுப்பு பரவலாக இருந்த நாட்டில் ஒரு மருத்துவர் முதலில் அதையே ஐயுறுவது இயல்பு. ஐயத்தைத் தீர்க்கும் ஆய்வுமுறைகளும், புற்றுநோயைக் கண்டறியப் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் அன்று மிகச் சிலரே. மருத்துவர் ஒருவரின் வீட்டிலேயே நோய் அடையாளம் தெரியாமல் முற்றியது என்றால், மருத்துவரையே பார்த்திராத சிற்றூர்ப் பெண்ணின் நிலை என்னவாக இருந்திருக்கும்?

1925ஆம் ஆண்டு அரசு உதவித்தொகை பெற்று, பெண்கள், குழந்தைகள் நலம் குறித்து மேற்பயிற்சி பெற முத்துலட்சுமி இலண்டன் சென்றார். புற்றுநோய்க்கெனவே இயங்கிய மருத்துவமனையை அவர் அங்குக் கண்டார். அறுவை மருத்துவமும், ரேடியம் கொண்டு அளிக்கும் கதிர்வீச்சு மருத்துவமும் ஒரே இடத்தில் கிடைத்தன. உரிய காலத்தில் வந்தவர்கள் குணமடைந்து வீடு திரும்பினர். புற்றுநோய் வந்தவர் இறந்தே தீர்வர் என்று தம் நாட்டில் படித்தவரும் நம்பியிருந்ததற்கு மாறான காட்சி அது. அத்தகைய மருத்துவமனை ஒன்றைச் சென்னையில் அமைக்கவேண்டும் என்னும் எண்ணம் அப்பயணத்தில் வலுப்பெற்றது. அது நிறைவேற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

சட்டமன்றத்தில்

நாடு திரும்பியதும் 1926ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு அவர் நியமிக்கப்பட்டார். உறுப்பினர் அனைவரின் இசைவோடு அவையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோவில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் நடத்திய போராட்டத்தை நாம் நன்கு அறிவோம். அவ்வழக்கத்தை முற்றிலும் தடைசெய்யும் சட்டம் 1947ஆம் ஆண்டு நிறைவேறியது. சிறுமியரின் திருமண வயதை உயர்த்தவும் அவர் குரல் கொடுத்தார். பள்ளி மாணவர்க்கு முறையான மருத்துவ ஆய்வு வேண்டும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்று அவையில் அவர் வாதிட்டது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. மருத்துவம் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே முடிந்துவிடுவதன்று, அரசின் வரவுசெலவில் அதற்கு இடம் வேண்டும் என்பதை அவர் இங்குதான் கற்றார் எனலாம்.

அந்த வரவுசெலவின் அளவும் அவருக்குத் தெரிந்திருந்தது. இரட்டையாட்சி முறையில் கல்வியும் பொதுநலமும் இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. நிதியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஆங்கில அரசிடமே இருந்தது. காலரா, அம்மை, மலேரியா, காசநோய் ஆகியவை ஆண்டுதோறும் பெருந்திரளான உயிர்களைக் கொண்டுசென்ற காலம் அது. தொற்றாத நோயாகிய புற்றுநோய்க்கு நிதி கேட்டவரை ஆட்சியாளர் பொருட்படுத்தாமல் இருந்ததில் ஓரளவு காரணமும் இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் ஒரு நோயைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைக்கும்போது, அந்நோய் உடையவர்களும் சேர்த்தே ஒத்திவைக்கப்படுகின்றனர். வசதியுடையோர் கப்பலேறி இலண்டன் செல்லலாம். ஏனையோர் எங்கே செல்வர்?

1930ஆம் ஆண்டு காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து முத்துலட்சுமி தம் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற சிறுமியர்க்காக அவர் அவ்வை இல்லத்தைத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

மறுப்பும் நன்கொடையும்

1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அவ்விழாவில் பேசிய முத்துலட்சுமி, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று சென்னைக்குத் தேவை என்பதைப் பொதுமேடையில் முன்வைத்தார். சென்னை அரசு பொதுமருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் அதற்கு முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்தது. கருவி வந்துவிட்டதே, தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் புற்றுநோய் ஒரு கருவியால் தீர்வதன்று. அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், திசுவை ஆய்ந்து நோயை உறுதிசெய்பவர், பயிற்சி பெற்ற செவிலியர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் கலந்து முடிவெடுக்கவேண்டும். சிகிச்சை முடிந்த பின்னரும் பல ஆண்டுகள் நோயாளியைத் தொடர்ந்து பார்க்கவேண்டும். பொதுமருத்துவமனையின் நெரிசலில் இது நடவாது.

பின்னர் உலகப்போர் வந்தது. திட்டம் கிடப்பில் விழுந்தது. 1941ஆம் ஆண்டு பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவிலோ ஒன்றும் அமையவில்லை. விடுதலைக்கு முந்தைய ஆண்டான 1946இல் நாட்டின் மக்கள்நலம் பற்றி அறிக்கை அளித்த போர் குழு, பணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பதை அடிப்படைக் கொள்கையாக வகுத்தது. மக்களின் நலவாழ்வை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என அரசமைப்புச் சட்டத்தின் வழிகாட்டு நெறிகளும் கூறின. கொள்கை தாளில் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் புற்றுநோய் மருத்துவமனைக்காக முத்துலட்சுமி விடுத்த வேண்டுகோளுக்கு அரசிடமிருந்து உடனடி ஆதரவு கிடைக்கவில்லை.

அரசு வரும்வரை காத்திருப்பதில்லை என அவர் முடிவுசெய்தார். 1949ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 63. சட்டமன்றத் துணைத்தலைவராகவும், சென்னை மாநகராட்சியின் முதல் பெண் மூத்த உறுப்பினராகவும் இருந்தவர், தோழியரோடு நிதி திரட்டப் புறப்பட்டார். செல்வந்தர், வணிகர், பொதுமக்கள் எனப் பலரிடமும் நன்கொடை கேட்டுப் பெற்றார். பெண்கள் நடத்தும் ஒரு சங்கம், மருத்துவத்திலேயே மிகுந்த பொருட்செலவு பிடிக்கும் துறை ஒன்றில் இறங்குவதைப் பலர் ஐயத்தோடு பார்த்தனர். ஐயம் முற்றிலும் அடிப்படையற்றது என்று சொல்வதற்கில்லை. கட்டடம் எழுப்பப் பணம் கிடைத்தாலும் அதை நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்னும் கேள்வி உண்மையான கேள்விதான். அதனைப் பின்னர் அந்நிறுவனம் ஆண்டுதோறும் எதிர்கொண்டது.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு அடையாற்றில் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென எழுந்த முதல் தனி மருத்துவமனையான அதில் அன்று இருந்தவை சிறு கட்டடமும் 12 படுக்கைகளும்தாம்.

எவரையும் திருப்பி அனுப்பாமல்

அம்மருத்துவமனையைப் பொறுப்பேற்று நடத்தியவர் முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி. புற்றுநோய் மருத்துவத்தில் அயல்நாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மருத்துவர் சாந்தா அங்கு வந்து சேர்ந்தார். பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் கிடைத்திருந்த அரசுப் பணியை விட்டு, ஊதியம் இல்லாத இவ்விடத்திற்கு அவர் வந்ததைப் பலர் வியப்போடு பார்த்தனர். முதல் மூன்றாண்டுகள் அவர் ஊதியமின்றியே பணியாற்றினார். பின்னர் திங்களுக்கு 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்குமிடமும் அளிக்கப்பட்டன.

இம்மருத்துவமனைக்கு வந்த நோயாளிகள் எத்தகையோர் என்பதை அறிந்தால்தான் அதன் கட்டண விதியின் பொருள் விளங்கும். தமிழகப் பெண்களிடையே அன்று மிகுதியாகக் காணப்பட்டது கருப்பைவாய்ப் புற்று. வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று ஆண், பெண் இருபாலரிடமும் பரவியிருந்தது. கருப்பைவாய்ப் புற்று மெதுவாக வளர்வது. தொடக்கத்தில் வலி தருவதில்லை. குருதிப்போக்கு வந்தாலும் பெண்கள் அதை வெளியே சொல்ல நாணினர். மாமியாரிடமோ கணவரிடமோ சொன்னாலும் கைமருந்தோடு நின்றது. நோய் முற்றி, படுத்த படுக்கையான பின்னரே பட்டணத்திற்கு அழைத்துவரும் எண்ணம் வீட்டாருக்கு எழும். அப்போது செலவும் மிகுதி, பிழைக்கும் வாய்ப்பும் குறைவு. தொடக்கநிலையில் வந்திருந்தால் அதே நோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது.

செலவு என்பது மருத்துவமனைக் கட்டணம் மட்டுமன்று. கதிர்வீச்சு மருத்துவம் ஒரே நாளில் முடிவதில்லை. பல வாரங்களுக்கு அளவு பிரித்து அளிக்கவேண்டும். அத்தனை வாரங்களும் நோயாளி சென்னையில் தங்கவேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். இருவரின் கூலியும் நின்றுபோகும். ஊரிலுள்ள பிள்ளைகளை யாரேனும் பார்த்துக்கொள்ளவேண்டும். சற்று வலி குறைந்தவுடன் பாதியிலேயே ஊர் திரும்புவோர் அதனால்தான் மிகுந்தனர். பாதி மருத்துவம் புற்றுநோயில் பயன் தருவதில்லை. ஏழை நோயாளியை அறியாமை உடையவர் என்று பழிப்பது எளிது. அவர் கணக்குப் பார்த்தே ஊர் திரும்புகிறார் என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பொறுமை தேவை.

எனவே, பணமில்லை என்பதற்காக ஒருவரையும் திருப்பி அனுப்பலாகாது என்னும் நெறியை அந்நிறுவனம் மேற்கொண்டது. செலுத்த இயன்றவர் கட்டணம் செலுத்துவர். இயலாதவர்க்குக் கட்டணம் குறைக்கப்படும் அல்லது முற்றிலும் நீக்கப்படும். இருவருக்கும் அளிக்கும் மருத்துவம் ஒன்றே. கட்டணம் செலுத்துவோரின் தொகையால் மட்டும் இக்கணக்கு நேராகாது. குறையை நன்கொடையும் அரசு மானியமும் ஈடுசெய்தாகவேண்டும். நன்கொடை ஆண்டுக்கு ஆண்டு மாறும். மானியமோ கேட்டுப் பெறவேண்டியது. முத்துலட்சுமி தம் முதுமையிலும் விடுதலின்றி அரசு அலுவலகங்களுக்கு மடல் எழுதியும் நேரில் சென்றும் கேட்டுக்கொண்டிருந்ததன் காரணம் இதுவே.

கருவிகளிலும் இதே சிக்கல் இருந்தது. கனடாவின் உதவியால் 1950களிலேயே அம்மருத்துவமனைக்குக் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. உடலின் ஆழத்திலுள்ள கட்டிகளையும் கதிர் சென்றடையச் செய்யும் அக்கருவி அன்று நம் நாட்டிற்குப் புதிது. கதிர்வீச்சுக்குப் பயன்படும் ரேடியத்தின் ஆற்றல் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகும். கோபால்ட்டின் ஆற்றலோ 5 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலேயே பாதியாகிவிடும். ஆற்றல் குறையக் குறைய ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சை நேரம் நீளும்; நாளொன்றுக்குப் பார்க்கக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கை சுருங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கோபால்ட்டை விலைகொடுத்து வாங்கியே தீரவேண்டும். கருவியை அன்பளிப்பாகப் பெறலாம். அதனை இயக்கும் செலவை எவரும் ஒரே முறையில் அன்பளிப்பாகத் தந்துவிட முடியாது. நாடாவை வெட்டித் திறந்துவைக்கும் விழாக்கள் நிழற்படங்களாக நிலைக்கின்றன. இத்தகைய ஆண்டுச் செலவுகள் எவர் கண்ணிலும் படுவதில்லை.

1960ஆம் ஆண்டு குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு அங்குத் தொடங்கப்பட்டது. குழந்தைகளுக்கும் புற்றுநோய் வரும் என்பதையே பலர் அறியாதிருந்த காலம் அது.

அரசும் மெல்ல நெருங்கி வந்தது. 1956ஆம் ஆண்டு நடுவண் அரசு முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அவர் மறைந்த பின்னர், 1975ஆம் ஆண்டில் அடையாறு மருத்துவமனை வட்டாரப் புற்றுநோய் மையமாக ஏற்கப்பட்டது. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் அவருடைய துணைவருக்கும் தொடர்வண்டிக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது. சிறிய சலுகைபோல் இது தோன்றலாம். இராமநாதபுரத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ மாதம் ஒருமுறை வந்துசெல்லவேண்டிய ஒருவர்க்கு, மருத்துவத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அதுவே முடிவுசெய்தது. தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் புற்றுநோய்ச் சிகிச்சை சேர்க்கப்பட்டது இந்நூற்றாண்டில்தான். முத்துலட்சுமி மேடையேறி முதலில் கேட்டது 1935இல் என்பதை நினைவிற்கொண்டால், ஒரு தேவை கொள்கையாக மாறுவதற்கு எத்துணைக் காலம் பிடிக்கிறது என்பது புலப்படும்.

1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் முத்துலட்சுமி ரெட்டி இயற்கை எய்தினார். ஏழைக் கருவுற்ற பெண்களுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரால் நடைபெறுகிறது. மருத்துவமனைப் பொறுப்பைக் கிருஷ்ணமூர்த்தியும், அவருக்குப்பின் சாந்தாவும் ஏற்று நடத்தினர். படுக்கைகள் நூற்றுக்கணக்காகப் பெருகின; ஆராய்ச்சிப் பிரிவும் மருத்துவர்க்கான மேற்படிப்பும் தோன்றின. சாந்தா 2005ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் மறையும்வரை, 1955இல் தாம் வந்து சேர்ந்த அம்மருத்துவமனை வளாகத்திலேயே அவர் வாழ்ந்துவந்தார்.